சாக்பீஸும் சர்வே கல்லும்

(இறுதியாண்டு, சிவில்)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே நாற்பத்தெட்டு வந்திருக்கு" என்று நம் யூனியன் செயலாளர் சொன்னார். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் அப்பா கணக்கு வாத்தியார். நடுவில் ஏழு வருஷம் மனை புரோக்கர். இப்போது மறுபடியும் கணக்கு வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரை 'சார்' என்பார்கள், மீதிப் பேர் 'பிளாட் வாத்தியார்' என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

நம்மில் பலர் தினமும் ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் மாறுகிறோம். அந்த இடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் வயலும் ஏரியும்தான் என்று தாத்தா சொல்வார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர். கம்பெனி ஒன்று வந்தால் அதற்கு முன்னாலேயே பத்து லேஅவுட் வந்துவிடும்! கலர் கொடி, சிமெண்ட் ஆர்ச், 'நகர்' என்று முடிகிற ஒரு பெயர்.

2010-ல் அப்பாவுக்கு ஒரு மெட்ரிக் பள்ளியில் சம்பளம் 7,500 ரூபாய். ஒரு நாள் அவருடைய பழைய மாணவர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை போனவர். "சார், எங்ககிட்ட நிலம் இருக்கு, வேன் இருக்கு. ஆனா நாங்க சொன்னா ஜனங்க யோசிக்கிறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க சார்" என்றாராம். அப்பா அந்த வருஷமே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அம்மாவிடம் மறுநாள்தான் சொன்னார் (அது தனிக் கதை, மலரில் போட முடியாது).

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை ஏற்றி சைட் காட்ட வேண்டும். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். ஒரு மனை போனால் மூன்று மாதச் சம்பளம் கமிஷனாக வந்தது. போர்டில் போடுவது போலவே துண்டுப் பேப்பரில் போட்டுக் காட்டுவார்: அரை கிரவுண்ட் 1200 சதுர அடி, சென்ட் கணக்கில் இரண்டே முக்கால், இன்றைக்கு இவ்வளவு, ஐந்து வருஷத்தில் இவ்வளவு. கூட்டு வட்டி நடத்திய கைக்கு அது பெரிய வேலையா? 2014-ல் அவரே அரை கிரவுண்ட் வாங்கினார், வல்லக்கோட்டைப் பக்கம், முப்பதுக்கு நாற்பது மனை. "நானே வாங்கியிருக்கேன்" என்பது அதற்கப்புறம் அவர் பேச்சில் சேர்ந்துகொண்டது.

அதே வருஷம் நவம்பரில் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது. அந்தப் பெண் பிள்ளைகளை நம்பி லைன் வீடு கட்டிய எங்கள் உறவுக்காரர் ஒருவர், காலி ரூம்களில் நெல் மூட்டை அடுக்கினார். "வீடுன்னா வாடகை போகும். மனைக்கு அந்தப் பயம் இல்லை" என்று அதையும் அப்பா ஒரு பாயிண்டாக்கினார். மனை வாடகையே தராது என்பது அந்தப் பாயிண்டில் இல்லை.

2015-ல் அவருடைய பழைய பள்ளித் தமிழம்மா அதே லேஅவுட்டில் ஒரு மனை வாங்கினார். கணவர் இறந்தபோது வந்த செட்டில்மென்ட் பணம். பத்திரத்தைக்கூடப் படிக்கவில்லை. "சார் பார்த்திருப்பீங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாராம். அப்பா பார்த்திருந்தது 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற ரப்பர் ஸ்டாம்பைத்தான். லேஅவுட்டை அப்ரூவ் செய்யும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, டி.டி.சி.பி.க்கோ சி.எம்.டி.ஏ.வுக்கோதான் என்பது சிவில் படிக்கும் நமக்கு இன்று தெரியும். அன்றைக்கு வேனில் வந்தவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியுமா? இன்று வரை நான் கேட்கவில்லை.

2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அமலுக்கு வந்தது. நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனது. இரண்டு மாதத்தில் வேன் நின்றுவிட்டது. புரமோட்டர் போன் 'ஸ்விட்ச்டு ஆஃப்'.

2017 ஜூனில் அப்பா அதே பள்ளிக்குத் திரும்பினார். ஸ்டாஃப் ரூமில் எதிர் நாற்காலி தமிழம்மாவுக்கு. அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பெல்லாம் மதியம் தன் டப்பாவிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து அப்பாவுக்கு வைப்பாராம். அந்த வருஷம் வைக்கவில்லை. அப்பா அதை வீட்டில் வந்து சொன்ன விதம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அந்த மே மாதம்தான் அங்கீகாரமில்லாத மனைகளை ஒழுங்குபடுத்தும் திட்டம் வந்திருந்தது. முதலில் லேஅவுட் முழுவதற்கும் ஒப்புதல், பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனியாக. அப்பா மனைக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கம், புலப்படம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல். பள்ளி விட்டதும் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஆபீஸ் ஆபீஸாகப் போவார். நான் ஜெராக்ஸ் எடுத்து நம்பர் போடுவேன். இரண்டு வருஷம் இழுத்தது. தமிழம்மாவின் கட்டணத்தை அப்பாவே கட்டினார், அம்மாவின் வளையல் போனது. அந்த அம்மா மனைக்கு ஆர்டர் கிடைத்தது.

அப்பா மனைக்குக் கிடைக்கவில்லை. வாய்க்கால் புறம்போக்கில் வருகிறதாம். நீர்வழியில் இருப்பதை ஒழுங்குபடுத்த அந்த விதிகளில் இடமில்லை. "அளவு தப்பு" என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மே லீவில், "சர்வே பிராக்டிகல் முடிச்சிட்ட இல்ல? நீ அளந்து சொல்லு" என்றார். புலப்படத்தை இணையத்தில் எடுத்தேன். நமக்குச் சங்கிலி அளவு நடத்தியபோது தூங்கியவர்களுக்காக: பழைய கன்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதனால் ஒரு சென்ட் சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி! தாத்தா காலத்து அளவில் எவ்வளவு அழகு பாருங்கள். என்னிடம் இருந்தது வெறும் டேப்பும் நாலு ரேஞ்சிங் ராடும்தான். சர்வே கல்லிலிருந்து ஆரம்பித்து, 3-4-5 வைத்துச் செங்குத்து எடுத்து, அப்பா ஒரு முனை பிடிக்க நான் ஒரு முனை பிடித்தேன். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 13 அடி வாய்க்காலுக்குள். மறுபடி அளந்தேன். அதேதான்.

"எவ்ளோ மிச்சம்?"

"870 சதுர அடிப்பா. கிட்டத்தட்ட ரெண்டு சென்ட்."

"330 தண்ணிக்குள்ள" என்று அவரே கழித்துக்கொண்டார். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். "விக்கும்போது இந்த டேப்ப ஒரு நாள் பிடிச்சிருக்கலாம்டா" என்றார்.

அப்பா இப்போதெல்லாம் போடும் கணக்கு வேறு. முத்திரைத்தாள் 7 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம், புரோக்கருக்கு 2. (பெண்கள் பெயரில் 10 லட்சம் மதிப்பு வரை பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது.) ஆக மனை 11 சதவீதம் ஏறினால்தான் போட்ட காசே வரும். நாளைக்கு நாமும் டிரெய்னியாக ஒரகடத்தில் நிற்போம், ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா நம்பர் கேளுங்கள், புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். சாம்பார் சாதத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் தப்பில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் சரிவகத்தின் பரப்பு நடத்தினாராம். இணைப்பக்கம் 31, 27, உயரம் 30 என்று போர்டில் மனை ஒன்றை வரைந்திருக்கிறார். "இது யாரு மனை சார்?" என்று ஒரு பொடியன் கேட்டிருக்கிறான்.

"ஒரு வாத்தியாரோடது. நீ போடு" என்றாராம்.