பன்னிரண்டு இடங்களும் ஒரு நண்பரும்



கோடை விடுமுறையின் தொடக்கத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கின் இளைஞர் ஒன்பது பேர் என்னைக் காண வந்தனர். கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்ல இருப்பதாகவும், அங்கே இரு இரவுகள் தங்குவதற்கு அறிமுகக் கடிதம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டனர். அவர்களுள் ஒருவர் தம் கைபேசியை என் முன் நீட்டினார். பார்க்க வேண்டிய பதினெட்டு இடங்களின் பட்டியல் அதில் இருந்தது. எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நிற்பது என்பது வரை கணக்கிட்டு வைத்திருந்தனர். அதைக் கண்டதும், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் கிடக்கும் வேறொரு பட்டியல் நினைவுக்கு வந்தது. அதில் பன்னிரண்டு இடங்கள் இருந்தன.

1991ஆம் ஆண்டு சனவரி மாதம். குருமட மாணவர் ஐவர், மூன்று நாள் விடுப்பில், மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறினோம். நால்வர் உள்நாட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்தவர்கள். ஐந்தாமவர் கடற்கரை ஊரினர். மீன்பிடித்து வாழும் குடும்பத்தில் பிறந்தவர். மலையென்று ஒன்றை அவர் அதுவரை ஏறிப் பார்த்ததில்லை. பயணத்திற்குத் தலைமை ஏற்றவன் நான். பட்டியலை எழுதியவனும் நானே.

வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலை தொடங்கியதும் பேருந்து வளைந்து வளைந்து ஏறலாயிற்று. சமவெளியின் புளியமரங்கள் மறைந்து, காப்பித் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் தோன்றின. இச்சாலை அவ்வளவு பழமையானதன்று. 1875இல் திருச்சி-மதுரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னும், அம்மையநாயக்கனூரில் இறங்கியோர் மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து கால்நடையாகவே ஏற வேண்டியிருந்தது. நடக்க இயலாதோரையும், நடக்க விரும்பாத துரைமாரையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து சென்றனர். மேஜர் லா என்பவர் தடம் வகுத்த இம்மலைச்சாலை 1910களில்தான் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. கொடைக்கானலில் இன்று நாம் காணும் பழைய கட்டடங்கள் பல, யாரோ ஒருவர் தோளில் ஏறி வந்தவையே என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளி அருவியில் பேருந்து சற்று நின்றது. கொடைக்கானல் ஏரியின் மிகுதி நீர் இவ்விடத்தில் ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து பாறையில் வீழ்கிறது. பட்டியலில் முதல் இடத்தை அடித்துவிட்டேன். அடுத்தது செண்பகனூர். 1895இல் சேசு சபையார் அங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பறவைகளும் பாம்புகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. அக்கல்லூரியில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுக் குரு அங்லாட் அடிகளார், இம்மலையின் செடிகொடிகளை வண்ண ஓவியங்களாகத் தீட்டியவர். தொல்பழங்கால மக்கள் எழுப்பிய கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதியவர். அந்நூலைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. ஒரு மலையை அறிந்துகொள்ள ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். நாங்கள் அவருடைய அருங்காட்சியகத்தைப் பார்க்க இருபது நிமிடம் செலவிட்டோம்.

கடற்கரை நண்பர் மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று நகர மறுத்தார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "பிரதர், இப்படி நின்றால் பன்னிரண்டையும் முடிக்க முடியாது" என்றேன்.

மறுநாள் விடியலில் குளிர் எலும்பைத் தொட்டது. கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. சனவரி இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படிவதும் உண்டு. நால்வரும் கம்பளிச் சட்டை கொண்டு வந்திருந்தோம். என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றை அணிந்திருந்தேன், மற்றொன்று பையில் கிடந்தது. நண்பரிடம் இருந்தவை ஒரு பருத்திச் சட்டையும் ஒரு துண்டும். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு சிரித்தபடியே வந்தார். "கடல்காற்றைப் பார்த்த உடம்பு, ஒன்றும் செய்யாது" என்று நாங்களும் சிரித்தோம்.

அன்று நாங்கள் பார்த்தவை கொஞ்சமல்ல. ஏரிக் கரையில் நடந்தோம். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பார், 1863இல் ஓர் ஓடையைத் தடுத்து அமைத்த ஏரி அது; விண்மீன் வடிவில் ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில் கிடக்கிறது. அதற்கு முன்பே, 1845இல், மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்த நிலையில், உயிர் பிழைக்க இங்கே இரண்டு வீடுகளைக் கட்டினர். ஆக, இவ்வூர் உல்லாசத்திற்காகத் தோன்றியதன்று. நோய்க்கு அஞ்சியோர் ஒதுங்கிய இடமாகவே தொடங்கியது.

பிரையண்ட் பூங்கா, கரடிச் சோலை அருவி, அந்நாளில் தற்கொலை முனை எனப்பட்ட பசுமைப் பள்ளத்தாக்கு, 400 அடி உயரம் நிமிர்ந்து நிற்கும் தூண் பாறைகள், அவற்றின் அருகே பாறைப் பிளவுகளாகிய டெவில்ஸ் கிச்சன் என்று வாடகை வேனில் விரைந்தோம். சூரிய வானாய்வகத்திற்கும் சென்றோம். 1909இல் எவர்செட் என்ற அறிஞர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளில் வளிமங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள சூரியனின் அசைவைக் கண்ட இடத்தில் நின்று வியந்த நாங்கள், மூன்றடி தொலைவில் நடுங்கிக்கொண்டிருந்த நண்பரைக் காணவில்லை.

பிற்பகலில் கோக்கர்ஸ் வாக் எனப்படும் மலையோர நடைபாதைக்கு வந்தபோது மூடுபனி சூழ்ந்துகொண்டது. நண்பரின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. "நான் சலேத் மாதா கோயிலில் இருக்கிறேன், நீங்கள் மற்றதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். எங்களுக்கு அது வசதியாகவே தோன்றிற்று. அவரை விட்டுவிட்டுக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு விரைந்தோம். 1936இல் ஓர் அம்மையார் கட்டிய முருகன் கோயில் அது. பனி விலகும் நேரங்களில் அங்கிருந்து பார்த்தால் கீழே பழனி மலை தெரியும். எங்கள் நல்வாய்ப்பு, பனி விலகியது. பழனியைக் கண்டோம். மகிழ்ந்தோம்.

திரும்பி வருகையில் பொழுது சாய்ந்துவிட்டது. சலேத் மாதா ஆலயம் 1860களில் சேசு சபைக் குரு சேன்-சீர் அடிகளாரால் எழுப்பப்பட்டது. பிரான்சு நாட்டு மலைச்சரிவில் மாடு மேய்த்த இரு சிறாருக்கு, 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், முகத்தைக் கைகளில் புதைத்து அழும் கோலத்தில் காட்சி தந்த அன்னையின் பெயர் தாங்கியது. அவ்வாலயத்தின் படிக்கட்டில் எங்கள் நண்பர் சுருண்டு அமர்ந்திருந்தார். உடல் காய்ச்சலில் கொதித்தது. அவர் மேல் ஒரு பழைய கம்பளி போர்த்தப்பட்டிருந்தது. அருகே, சோளக்கதிர் சுட்டு விற்கும் ஒரு மூதாட்டி, தம் சேலை முந்தானையையே இழுத்துப் போர்த்திக்கொண்டு, கனல் சட்டியை அவர் கால்மாட்டில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எங்களைக் கண்டதும் அவர் கேட்டார்: "ஏப்பா, இந்தப் பிள்ளையோட வந்தவுக நீங்கதானா?"

ஆம் என்றோம்.

"நாலு பேரு இருக்கீக. நாலு பேரு மேலயும் கம்பளி கிடக்கு. ஒரு ஆளுக்குமாய்யா கண்ணு தெரியல?"

என் பையில் கிடந்த இரண்டாவது கம்பளிச் சட்டை அந்த நொடியில் பாறாங்கல் போல் கனத்தது. அதை எடுத்து நண்பருக்கு அணிவித்தபோது என் கைகள் நடுங்கின, குளிரினால் அன்று. மூதாட்டிக்குப் பணம் கொடுக்க முற்பட்டோம். அவர் இரண்டு கதிர்களுக்கான காசை மட்டும் வாங்கிக்கொண்டு, தம் கம்பளியை உதறி மடித்து எடுத்துச் சென்றார்.

வாசகர்களே, பழனி மலையைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவைத்த கதை ஒன்று உண்டு. பொதினி என்பது பழனியின் பழம்பெயர். அதை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், தோகை விரித்து நின்ற மயிலொன்று குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனை இன்றும் போற்றுகிறோம். குருமடத்தில் நாங்கள் கற்ற மற்றொரு வரலாறும் இதற்கு இணையானது: நான்காம் நூற்றாண்டில் ஆமியென் நகர வாயிலில், உரோமைப் படைவீரராகிய மார்ட்டின், குளிரில் வாடிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அளித்தார். இவ்விரண்டையும் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன். பேகன் ஆண்ட மலையிலேயே நின்றுகொண்டு, மயிலுக்கும் கிடைத்த இரக்கத்தை என் நண்பருக்கு மறுத்தேன்.

பேகன் கதைக்கு நாம் மேடைகளில் அதிகம் சொல்லாத மறுபாதியும் உண்டு. மயிலின் நடுக்கத்தைக் கண்ட அவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான், அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் சென்று, அவளுக்காகப் பரிந்து பாடினர். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. எங்களுக்குப் பரிசில் வேண்டா, அவள் துயர் தீர்ப்பாயாக என்பதே அவர்கள் வேண்டுகோளின் சாரம். தொலைவில் உள்ளதைக் காணும் கண், அருகில் உள்ளதைக் காணாமற் போகக்கூடும். பேகனுக்கே அது நேர்ந்தது என்றால், நமக்கு நேராதென்று யார் சொல்லக்கூடும்? எத்தனையோ குடும்பங்களை நான் சந்திக்கிறேன். ஊருக்கெல்லாம் ஓடி உதவும் தந்தை, தம் மகன் மூன்று நாளாய்ச் சரியாக உண்ணவில்லை என்பதை அறியாதிருக்கிறார். அவரைக் குறை கூற எனக்கு வாய் வருவதில்லை. என் பையில் இருந்த கம்பளிச் சட்டை நினைவுக்கு வந்துவிடுகிறது.

அன்றிரவு நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழி இது: "குளிர் பெரிதில்லை பிரதர். எங்கள் ஊரில் மரத்தில் ஐந்து பேர் கடலுக்குப் போனால், ஐந்து பேரும் கரை சேர வேண்டும். ஒருவனை விட்டுவிட்டு வந்தவர்களிடம், மீன் எவ்வளவு கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை." அவர் இன்று குருவாகக் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றுகிறார். அந்தக் கம்பளிச் சட்டை அவரிடமே இருக்கிறது. கடற்கரை வெக்கையில் அதற்கு வேலையே இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

நாங்கள் விளையாட்டாய் எட்டிப் பார்த்த டெவில்ஸ் கிச்சன், 1991 இறுதியில் வெளிவந்த 'குணா' திரைப்படத்திற்குப் பின் குணா குகை என்று பெயர் பெற்றது. 2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மல் ஊரிலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் அங்கே தடை செய்யப்பட்ட பகுதியில் ஒரு பிளவுக்குள் வீழ்ந்தார். முன்பு அவ்வாறு வீழ்ந்தோர் பிழைத்ததில்லை என்று சொல்லப்பட்ட இடம். ஆயினும் நண்பர்கள் விட்டுச் செல்லவில்லை. அவர்களுள் ஒருவர் கயிறு கட்டி அவ்விருளுக்குள் இறங்கி, வீழ்ந்தவரை உயிருடன் மீட்டார். 2024இல் அந்நிகழ்ச்சி மலையாளத் திரைப்படமாகி, தமிழ்நாட்டிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. தடையை மீறியது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால், தாம் அழைத்து வந்த ஒருவரை இழந்துவிட்டு ஊர் திரும்ப அவர்கள் மனம் ஒப்பவில்லை. அதை நினைத்து நான் தலை வணங்குகிறேன்.

எங்கள் பங்கு இளைஞர்களுக்கு இவற்றையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் அறிவுரையென்று எண்ணுவர். 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்-அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுமாறும், பிளாஸ்டிக் புட்டிகளைக் கொண்டு செல்ல வேண்டாமென்றும் கூறி, கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். "மேலதிகமாக ஒரு கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்கேனும் தேவைப்படும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தனர். எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஏழு இடங்கள்தாம் பார்க்க முடிந்தது என்றார் பட்டியல் வைத்திருந்தவர், சற்று வெட்கத்துடன். அவர்களுள் இளையவனுக்கு மலை வளைவுகள் ஒத்துக்கொள்ளாமல் ஒரு நாள் முழுவதும் வாந்தியாம். எட்டுப் பேரும் அறையிலேயே இருந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, கதை பேசிக்கொண்டிருந்தார்களாம்.

ஏழு இடங்கள் போதும் என்றேன்.