தூணில் ஒட்டிய பத்தி

செய்யாறு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி என்பதால் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளில் பாதிப் பேர் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடந்துகொண்டிருந்தது ஆங்கில வகுப்பு.

வராந்தாத் தூணில் ஆறு வரி ஆங்கிலப் பத்தி ஒன்று ஒட்டியிருந்தது. இருவர் ஒரு ஜோடி. ஒருவர் ஓடிப் போய் ஒரு வரியைப் படித்து மனதில் வாங்கி வந்து சொல்ல வேண்டும். மற்றவர் அறைக்குள் உட்கார்ந்து அதை எழுத வேண்டும். ஓடுகிறவர் பென்சிலைத் தொடக்கூடாது, எழுதுகிறவர் எழுந்து போய்ப் பார்க்கக்கூடாது. கத்திச் சொன்னால் அடுத்த ஜோடி காதில் விழுந்துவிடும் என்பதால் எல்லாம் கிசுகிசுப்புதான்.

ஒரு பையன் மூச்சு வாங்க வந்து, "தி ஓல்டு மேன் பாட் எ..." என்று நின்றுவிட்டான். "ஸே இட் அகெய்ன்" என்றாள் எழுதுகிறவள். திரும்ப ஓடினான். இந்த முறை குடை வந்து சேர்ந்தது, அதனோடு 'எ' அல்ல 'ஆன்' என்கிற திருத்தமும். "ஹவ் டு யூ ஸ்பெல் இட்?" என்று அவள் விடவில்லை. விரலை மடக்கி எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனவனுக்கு 'எல்' ஒன்றா இரண்டா என்ற சந்தேகம். மூன்றாவது ஓட்டம். அந்த ஒரு சொல்லை இனி அவர்கள் இருவரும் தப்பாக எழுதப்போவதில்லை.

ஆசிரியை கரும்பலகையில் மூன்றே வாக்கியங்களை எழுதிப் போட்டிருந்தார்: திரும்பச் சொல், மெதுவாகச் சொல், எழுத்தைச் சொல். மூன்றும் ஆங்கிலத்தில். அவற்றை வைத்துத்தான் முழு ஆட்டமும். "கேக்கறதுக்கு ஒரு அவசியம் வேணும் சார். நாலு வருஷமாப் பக்கத்துல உக்காந்திருக்கறவன்கிட்ட போயி வாட் இஸ் யுவர் நேம்னு கேளுன்னா, எதுக்குக் கேப்பான்? இவனுக்குத் தெரியாதது அவன்கிட்ட இருக்கணும்" என்றார்.

இதை அறியாமல் நடத்தப்படும் மொழி விளையாட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டு இருக்கும், கைதட்டல் இருக்கும். பேசியாக வேண்டிய தேவை இருக்காது. இங்கே அந்தத் தேவையை ஓர் ஆள் உட்கார்ந்து தயாரிக்கிறார். சந்தைக் காட்சி ஒன்றை வரைந்து, அதையே சில மாற்றங்களோடு மறுபடி வரைகிறார். ஒன்றில் கூரைமேல் காகம் உண்டு, மற்றதில் இல்லை. நடுவில் புத்தகப் பையை நிறுத்தி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கேள்வி கேட்டே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். ஜெராக்ஸ் செலவு அவருடையது. வரைவது இரவில், வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு. இதை ஆசிரியர் வேலை என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

மதியம் சின்னப் பிள்ளைகளின் முறை. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின்படி அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாக உட்கார்ந்திருந்தார்கள். "டச் தி டோர்", "ஜம்ப்" என்று ஆசிரியை சொல்லச் சொல்ல உடம்பால் பதில் சொன்னார்கள். 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த வழி இது. வாய் திறக்கக் கூச்சப்படும் குழந்தையை அவசரப்படுத்தாமல், முதலில் கேட்கவிடுகிறது. அடுத்து, ஒரு பெண் உதட்டுக்கு நேரே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாள். குண்டூசிக்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னபோது காகிதம் துடித்தது. குப்பைத்தொட்டிக்கானதைச் சொன்னபோது அநேகமாக அசையவில்லை. தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்'. நம் ஒரே 'ப'வுக்குள் பழகிய காதுக்கு அந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. கண்ணுக்குக் காட்டிவிட்டால் பிடிபடுகிறது.

அறையின் சுவர்களில் தரையை ஒட்டிச் சின்னக் கரும்பலகைகள் இன்னும் இருக்கின்றன. செயல்வழிக் கற்றல் காலத்தவை. ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறை, 2003இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு மாநிலமெங்கும் பரவியது. அந்த முறையின் பாட அட்டைகளும் கற்றல் ஏணியும் போய்விட்டன. குழந்தையின் கை எட்டும் உயரத்தில் பலகை வேண்டும் என்ற எண்ணம் மட்டும் சுவரில் தங்கி, இன்றைக்கும் பயன்படுகிறது.

வகுப்பில் தமிழுக்குத் தடை இல்லை. விதிகளைத் தமிழில்தான் விளக்கினார். ஆட்டம் மட்டும் ஆங்கிலத்தில். தமிழில் பேசினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் குழந்தையிடம் ஆங்கிலத்தை வளர்ப்பதில்லை, பயத்தைத்தான் வளர்க்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த குறுவளமையக் கூட்டத்துக்கு அந்தச் சந்தைப் படங்களை எடுத்துப்போகப் போவதாகச் சொன்னார். அங்கே பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். "அவங்க வேற படம் வரைஞ்சு வெச்சிருந்தா, மாத்திக்கலாம். நம்ம பிள்ளைங்களுக்கு இதுல எங்க காக்கா இருக்குன்னு இப்பவே மனப்பாடம் ஆயிடுச்சு."