கனகராயன்குளத்தில் ஒரு கிற்றார்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பிரயாணிகள் முறிகண்டியில் இறங்காமற் செல்வது அரிது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்து, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் பஸ் வண்டியில் ஏறினாலன்றிப் பிரயாணம் நிறைவுபெற்றதாகத் தோன்றுவதில்லை. சென்ற விடுமுறையில் நாமும் அவ்வாறே செய்தோம். ஆயினும் அன்று பிள்ளையாரிடம் நாம் கேட்ட வரம் சற்று விநோதமானது. ஒரு கிற்றாரின் விலையை எமது தங்கையிடம் எவ்வாறு சொல்வது என்பதற்கு வழிகாட்டுமாறு வேண்டிக்கொண்டோம்.

எமது தங்கை கனகராயன்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மகன் உயர்தர வகுப்பில் பயில்கின்றான். பாடசாலைக் கலைவிழா ஒன்றில் வெளியூர் இளைஞர் குழுவினர் மின்கிற்றார் வாசித்ததைக் கேட்ட நாள் முதலாக அவனுக்கு அதே நினைவு. நண்பனொருவனின் பழைய கிற்றாரை இரவல் வாங்கி, விரல் நுனிகள் தடிக்கும்வரை பழகியிருந்தான். அதைக் கண்ட தங்கை தன் காப்புச் சோடியை அடகு வைப்பதெனத் தீர்மானித்துவிட்டாள். "அண்ணா, கடையளில விலையை விசாரிச்சுக்கொண்டு வாங்கோ" என்று தொலைபேசியிற் சொன்னாள். 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் கையிலிருந்த யாவும் போன பின்னர், மீளக் குடியேறிச் செய்த நெற்செய்கையில் மிச்சம்பிடித்துச் செய்வித்த காப்பு அது.

விசாரித்தோம். கடைக்காரர் விலையைச் சொன்னதும், வெளியே வந்து ஒரு தேநீர் அருந்தவேண்டியதாயிற்று.

விலை ஏன் இவ்வாறு ஏறியது? காரணங்கள் பல. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்தோம். மே மாதத்தில் அது 360 ரூபாவாயிற்று. பின்னர் சற்று இறங்கி 300 ரூபாவை அண்டி நின்றது. இருநூறு டொலர் பெறுமதியான ஒரு கிற்றார், கைபடாமலே 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவுக்குத் தாவியதென்பது எளிய கணக்கு. இதற்குமேல் வரி, வியாபாரியின் இலாபம். 2022 தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. உலகச் சந்தையும் எமக்கு அநுகூலமாக இருக்கவில்லை. 2020இல் தொற்றுநோய்க்கு அஞ்சி வீட்டினுள் அடைபட்டிருந்த மேலைநாட்டார் பொழுதுபோக்கக் கிற்றார் வாங்கத் தொடங்கினர். பெண்டர் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் தன் வரலாற்றிலே கண்டிராத விற்பனையை அவ்வாண்டிற் கண்டது. மறு ஆண்டு கப்பற் கூலி பன்மடங்கு உயர்ந்தது. எங்கோ ஓர் அமெரிக்கர் வீட்டில் இருந்த சலிப்புக்கும் வன்னியில் ஒரு தாயின் காப்புக்கும் இப்படியும் ஒரு தொடர்பு.

மாங்குளம் கடந்ததும் வீதியின் இருமருங்கும் காடு நெருங்கி வருகின்றது. பாலை, முதிரை, வீரை என்று மரங்களை எண்ணிக்கொண்டே செல்லலாம். கனகராயன் ஆறு இப்பக்கத்துக் காடுகளினூடாக வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அப்பாற் சுண்டிக்குளம் கடனீரேரியிற் கலக்கின்றது. இலங்கையின் உலர்வலயக் காடுகளில் கருங்காலியும் வளர்கின்றது. கிற்றாரின் கழுத்தில் விரல் பதிக்கும் பலகையைச் செய்வதற்குக் கருங்காலி பெயர்போன மரம். தென்னிந்தியாவின் ஈட்டி மரமும் அத்தகையதே. அவ்வினத்து மரங்கள் அருகிவருவதால் 2017இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்றின்படி அவற்றின் வாணிபம் கட்டுப்படுத்தப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இலேதான் விலக்குக் கிடைத்தது. எமது காடுகளின் மரம் கடல்கடந்து சென்று வாத்தியமாகி, எட்டாத விலையுடன் எம்மிடம் திரும்பி வருகின்றதே என்று எண்ணியபடி கனகராயன்குளத்தில் இறங்கினோம்.

குளக்கட்டின் வழியே வீட்டை நோக்கி நடக்கையில், மருமகனுக்குச் சொல்லவேண்டியதை மனத்திற்குள் ஒரு பிரசங்கமாகவே தயாரித்துக்கொண்டோம். வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலுக்கு மக்கள் திரளும் வன்னி மண் இது. உடுக்கும் பறையும் ஒலித்த மண். கோவலன் கூத்துக்கு மத்தளம் அதிர்ந்த மண். இங்கே பிறந்தவனுக்கு மின்கிற்றார் எதற்கு என்பது அதன் சாரம். கல்லூரியில் இருபதாண்டு கற்பித்தவருக்கு இத்தகைய பிரசங்கம் எளிதில் அமைந்துவிடும்.

மதிய உணவின் பின்னர் முற்றத்து வேப்பமர நிழலில் அதனை நிகழ்த்தினோம். மருமகன் பொறுமையாகக் கேட்டான். பின்னர் மெல்லக் கேட்டான்: "மாமா, உடுக்கு நல்லதெண்டு சொல்லுறீங்களோ, மலிவெண்டு சொல்லுறீங்களோ?"

எமக்கு விடை வரவில்லை. உடுக்கின் பெருமை உண்மையானதே. ஆனால் கடையில் விலையைக் கேட்கும் வரை அது எமது நினைவுக்கு வரவில்லை என்பதும் உண்மை. பணம் போதாதபோது பண்பாட்டைத் துணைக்கழைப்பது பெரியோரிடம் உள்ள ஒரு பழக்கம். அதனால் பிள்ளை ஏமாறுகின்றான். உடுக்கும் இரண்டாந்தரப் பொருளாகிவிடுகின்றது. கண்ணகியம்மன் சந்நிதியில் உடுக்கு எடுப்பவர் கிற்றார் கிடைக்காமையால் அதனை எடுக்கவில்லையே!

அவ்வேளை திண்ணையிற் சாய்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். அவர் தங்கையின் மாமனார், எண்பதைக் கடந்தவர். "தம்பி, உந்த மின்கிற்றார் எப்பிடித்தான் சத்தம் போடுது? உள்ளுக்கு வெறும் பலகையெண்டு பெடியன் சொல்லுறான்" என்றார்.

நாம் வாய் திறக்குமுன் மருமகன் தாழ்வாரத்திலிருந்த பழைய துவிச்சக்கர வண்டியைக் கொண்டுவந்து தலைகீழாக நிறுத்தினான். டைனமோவைச் சில்லோடு பொருத்தி மிதியைக் கையாற் சுற்றினான். முன்விளக்கு மினுங்கியது. "அப்பு, இதுக்குள்ள ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கு. காந்தம் சுத்தினால் கம்பியில மின்சாரம் வரும். கிற்றாரிலயும் அதுதான். உருக்குக் கம்பிக்குக் கீழ காந்தமும் சுருளும் இருக்கு. கம்பி அதிர்ந்தால் சின்ன மின்சாரம் வரும், ஒலிபெருக்கி அதைப் பெருப்பிக்கும்" என்றான்.

மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த தத்துவத்தை இவ்வளவு தெளிவாக எந்த வகுப்பறையிலும் நாம் கேட்டதில்லை. இத்தத்துவத்தைக் கொண்டு அமெரிக்காவில் ரிக்கன்பக்கர் நிறுவனத்தார் 1932இல் விற்பனைக்கு விட்ட முதற் கிற்றார் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. அதன் உருவத்தை நோக்கி அதற்குப் 'பொரிக்கும் தாச்சி' என்று பட்டப் பெயரும் இட்டனர்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் வருவதில்லை. அக்காலத்தில் இப்படித்தான் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மாறி ஒருவர் மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். செய்தி முடிந்த பின்னர் ஒரு பாட்டுக்காகவும் சுற்றியதுண்டு என்றார் அவர். "கை ஓய்ஞ்சால் பாட்டும் ஓய்ஞ்சிடும், தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் எமது பிரசங்கம் முழுவதும் கரைந்துபோயிற்று. அவர் வானொலிக்கு மாற்றாக வேறெதையும் நாடவில்லை. வானொலியை அடையவே மாற்றுவழி கண்டார்.

அதன் பின்னரே நால்வரும் அமர்ந்து உண்மையான கணக்கைப் பார்த்தோம். மின்கிற்றார் தனித்து நிற்பதன்று. ஒலிபெருக்கி வேண்டும், இணைப்புக் கம்பி வேண்டும், அறுந்த நரம்புகளுக்கு மாற்று வேண்டும். ஆகவே காப்பு முழுவதையும் விழுங்கிய பின்னரும் அதன் பசி அடங்காது. மாற்றாக எதனை வாங்கலாம்?

உக்குலேலே என்னும் நான்கு நரம்புச் சிறுவாத்தியம் விலை குறைந்தது. போர்த்துக்கேயத் தீவொன்றிலிருந்து 1879இல் ஹவாய்க்குக் குடியேறியோர் கொண்டுசென்ற வாத்தியத்திலிருந்து பிறந்தது அது. அதில் விரல்கள் பழகும் அமைப்புகள் கிற்றாரின் கீழ் நான்கு நரம்புகளுக்கும் பொருந்தும். எனவே கற்றது வீண்போகாது. மண்டலின் வயலினைப் போலவே சுருதி சேர்க்கப்படுவதால், அதனைப் பயின்றவனுக்கு வயலினின் விரலிடங்களும் பாதி தெரிந்தனவாகும். மேலைநாட்டு மண்டலினை ஐந்து நரம்புள்ள மின்வாத்தியமாக்கிக் கர்நாடக இசையின் அரியணையில் ஏற்றிய உ. சிறிநிவாஸ், 2014இல் மறையும்வரை அதன் வல்லமையைக் காட்டினார். மூன்றாவது வழி சாதாரண பெட்டிக் கிற்றார். அதற்கு மின்சாரமே வேண்டியதில்லை. அதன் மரப்பெட்டியே ஒலிபெருக்கி. மேடையில் வாசிக்கவேண்டின், பலகையின் அதிர்வை வாங்கும் சிறு வில்லையொன்றை உள்ளே ஒட்டிக்கொள்ளலாம். அதன் விலை சொற்பம்.

மருமகன் மூன்றாவதையே தேர்ந்தான். அதுவும் ஒருவர் பாவித்துக் கைமாற்றுவதாக இருந்தால் போதுமென்றான். "மின்கிற்றார் மாதிரி நாதம் நீண்டு நிக்காது, மாமா. அது எனக்குத் தெரியும். அந்த ஆசையை நான் விடேல்லை. உழைச்சுப் பிறகு வாங்குவன்" என்றான். தங்கை ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த காப்பை ஒருமுறை திருப்பி விட்டுக்கொண்டு, தேநீர் வைக்க உள்ளே சென்றாள்.

இரு வாரங்களின் பின் யாழ்ப்பாணத்தில் அத்தகைய கிற்றார் ஒன்று கிடைத்தது. இதுபோன்று வாங்க எண்ணும் மாணவர்களுக்காகச் சில சொற்கள். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது வளையாதிருக்கின்றதா என்று நோக்குக. நரம்புகள் பலகையிலிருந்து மிக உயர்ந்திருப்பின் விரல் நோகும்; பழக்கம் நின்றுவிடும். முறுக்காணிகள் வழுகுகின்றனவா, பெட்டியில் வெடிப்பு உண்டா என்று பார்க்குக. தொடக்கத்திற்கு நைலோன் நரம்பு விரலுக்கு இதமானது. விளையாட்டுப் பொருளாக விற்கப்படும் கிற்றார் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். சுருதி நில்லாத வாத்தியம் மாணவனின் செவியைக் கெடுத்துவிடும்.

நாமே அதனைக் கொண்டுசென்று கொடுத்தோம். அன்று மாலை குளக்கட்டில் அமர்ந்து மருமகன் வாசிக்க, பெரியவர் அருகில் இருந்தார். இருட்டத் தொடங்கியதும் கொக்குகள் மரங்களில் அடைந்தன. வாசிப்பு சிறிது தடுமாறிய இடத்தில் பெரியவர், "கை ஓயக்கூடாது, ராசா" என்றார்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. கையில் உள்ள பணத்திற்கேற்ப ஒன்றைத் தேர்வது இழிவன்று. ஆனால் அதற்குக் காரணம் பணமேயாயின், அதனைப் பிள்ளையிடம் பணமென்றே சொல்லிவிடுவோம். பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கும். உடுக்கை அதன் பெருமைக்காகவே கற்பிப்போம். எமது மருமகன் இந்த வைகாசியில் வற்றாப்பளைக்குச் செல்லும்போது உடுக்கின் தாளத்தைக் கூர்ந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கின்றான். நாம் அவனை அவ்வாறு சொல்லச் சொல்லவில்லை.