துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரம்?

பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்பு வெள்ளையாக ஒரு கட்டம் அச்சிட்டிருக்கும். மளிகைக் கடையில் பணம் கட்ட செல்போனைக் காட்டுகிறோமே, அதே மாதிரிக் கட்டம். தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் 2018 முதல் இது வருகிறது. நம் காரைக்கால் பிள்ளைகளும் அந்தப் புத்தகங்களைப் படித்தவர்கள்தான். 2023-24இல் நம் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. இப்போது படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களிலும் இந்தக் கட்டம் உண்டு. செல்போனைக் காட்டினால் திக்‌ஷா என்ற தளம் திறந்து, அந்தப் பாடத்துக்கான படமோ காணொளியோ வரும். 2017 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று மத்திய அரசு தொடங்கிய தளம் இது. காசு கிடையாது.

இதுபோல் இன்னும் எத்தனையோ இலவசமாகக் கிடைக்கின்றன. அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசியிலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், அது வளர்ந்து கான் அகாடமி ஆனது. ஆஸ்திரியாவில் ஒரு மாணவர் 2001இல் தன் பட்டப்படிப்புக்காகச் செய்தது ஜியோஜீப்ரா. முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்தால் மூன்று கோணமும் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது ஃபெட். மின்கம்பி, பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம், ஷாக் அடிக்காது. ஓய்வு பெற்ற இந்த யு.டி.சி.க்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் அறிவியல் டீச்சர் குடியிருக்கிறார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு இதில்தான் போய் நிற்கும்.

எனக்கு முதலில் இதில் ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணம் நான் படித்த படிப்பு.

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். திக்தே என்றால் மெத்ர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். சுவரில் பிரான்சின் வரைபடம் தொங்கும். சேன், லுவார், கரோன், ரோன் என்று நான்கு ஆறுகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் திருவேட்டக்குடிக்கு வடக்கே ஓடும் நண்டலாறு எந்தப் பாடத்திலும் வரவில்லை. அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் திருமலைராயனாறும் நாங்கள் குளிக்கிற ஆறுகள். பரீட்சைக்கு வருகிற ஆறுகள் வேறு. படிப்பு என்றால் அது வெளியூர்ச் சமாசாரம் என்று அந்த வயதிலேயே மனசில் பதிந்துவிட்டது. மெத்ர்கள் நல்லவர்கள், உழைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களிடம் இருந்த புத்தகம் அப்படி.

இன்றைக்கு இலவசமாக வருவதில் பெரும்பங்கு வேறு ஊர்களில் செய்தது. மொழியும் பெரும்பாலும் ஆங்கிலம். அன்றைக்குப் பாரீசிலிருந்து வந்தது இன்றைக்குக் கலிபோர்னியாவிலிருந்து வருகிறது, அவ்வளவுதானே வித்தியாசம்? ஒரு நாள் டீச்சரிடம் இதைக் கேட்டேவிட்டேன். அவர் மறுக்கவில்லை. "அப்படியே போட்டுக் காட்டினா அப்படித்தான் சார். நம்ம ஊரை அதுக்குள்ளே கொண்டு வரணும்" என்றார். எப்படி என்று கேட்டதற்குத் தன் வகுப்பில் நடந்ததைச் சொன்னார். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

ஸ்டெல்லேரியம் என்று ஒரு வானக் கருவி. ஃபாபியான் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கியது. கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளும் பதிப்பு முழுக்க இலவசம். ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலேயே ஓடும். அவர் பள்ளியில் இணையம் வரும், போகும். அதனால் இது அவருக்குத் தோதானது. இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த இடத்து வானம் அந்த நேரத்தில் எப்படி இருக்குமோ அப்படியே திரையில் வரும். பகல் பதினோரு மணி வகுப்பில் ராத்திரி வானத்தைச் சுவரில் காட்டலாம்.

டீச்சர் எடுத்த எடுப்பில் அதைத் திறக்கவில்லை. முதல் நாள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "துருவ நட்சத்திரம் வானத்துலே எவ்வளவு உயரத்துலே இருக்கும்?" புத்தகத்துப் படத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப் பிள்ளைகள் தலைக்கு மேலே கையைக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பிரெஞ்சுப் புத்தகத்திலும் துருவ நட்சத்திரம் உயரத்தில்தான் இருக்கும்.

மறுநாள் ஸ்டெல்லேரியத்தில் காரைக்காலைப் போட்டு வடக்குப் பக்கம் திருப்பினார். நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 11 பாகையில் நிற்கிறது. பிறகு ஊரை மாற்றினார். சென்னையில் 13. ஸ்ரீநகரில் 34. பாரீசில் கிட்டத்தட்ட 49. நிலநடுக்கோட்டுக்குப் போனால் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வடதுருவத்தில் உச்சந்தலைக்கு மேலே. ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இது அட்சரேகை நம்பர்தானே?" என்றாளாம். சொல்லித் தராமலேயே பிடித்துவிட்டாள். நட்சத்திரம் எத்தனை பாகை உயரமோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. எனக்கு இது எழுபது வயதுக்கு மேல்தான் விளங்கியது. எங்கள் புத்தகத்துப் படம் பொய்யில்லை. அது பாரீசில் நின்றவர் போட்ட படம்.

இதோடு விட்டிருந்தால் இதுவும் திரையில் பார்த்த இன்னொரு காட்சியாகப் போயிருக்கும். டீச்சர் வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தார். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. ராத்திரி பெரியவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் வடக்கே பார்க்க வேண்டும். கடலும் வானமும் சேரும் கோட்டின் மேல் ஒரு முஷ்டி, அதற்குமேல் கொஞ்சம். நட்சத்திரம் அங்கே இருக்கிறதா?

அடுத்த நாள் வகுப்பில் அதிகம் பேசியவன், அதுவரை வாயே திறக்காத ஒரு பையன். மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவன். அடிக்கடி லீவு போடுவான். அப்பாவோடு கடலுக்குப் போகப் போகிறேன், படிப்பு எதற்கு என்பானாம். அவன் துணைக்கு அழைத்துப் போனது தாத்தாவை. அவர் முஷ்டி அளவையெல்லாம் காதில் வாங்கவில்லை. எந்த வெள்ளி எப்போது கிளம்பும், எதை வைத்துக் கரை திரும்ப வேண்டும், கார்த்திகைக் கூட்டம் எங்கே வந்தால் எத்தனை மணி என்று பேரனுக்கு அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார். அத்தனையையும் பையன் வகுப்பில் ஒப்பித்தான். டீச்சர் ஸ்டெல்லேரியத்தில் நேரத்தை ஓட்டிக் காட்டினார். தாத்தா சொன்னபடியே கார்த்திகைக் கூட்டம் ஏறியது. "எங்க தாத்தா சொன்னது சரிதான்" என்று அவன் சொன்னபோது வகுப்பே அவனைப் பார்த்தது என்றார் டீச்சர்.

பிறகு அந்தத் தாத்தாவையே பள்ளிக்கு அழைத்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அதையொட்டி இன்னொரு பாடம் நடந்தது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடலின் அலை உயரத்தையும் காற்றையும் முன்கூட்டியே கணித்து இலவசமாக வெளியிடுகிறது. சுனாமி எச்சரிக்கை தருவதும் அவர்கள்தான். 2004 டிசம்பர் 26ஐ வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரிவது வெறும் பாடமில்லை. ஒரு வாரம் கணிப்பை ஒரு பத்தியிலும் தாத்தா சொல்வதை மறு பத்தியிலும் எழுதி ஒப்பிட்டார்கள். அந்தக் குறிப்பேடு யார் பொறுப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் அவன் லீவே போடவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? இப்போதைக்கு வருகிறான்.

இதில் என் பங்கும் சிறிது உண்டு. பிரான்சின் தேசிய நூலகம் 1997 முதல் காலிக்கா என்ற தளத்தில் பழைய நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. பிரெஞ்சிந்திய ஆண்டுக் கையேடுகள் பல அதில் இருக்கின்றன. எல்லாம் பிரெஞ்சில் இருப்பதால் இங்கே படிக்க ஆளில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பென்ஷன் கடிதம் வாசித்துச் சொல்வதற்கு மட்டும் பயன்பட்ட என் பிரெஞ்சுக்கு இப்போது வேலை வந்தது. சமூக அறிவியல் வகுப்புக்கு நம் ஊர்ப் பெயர்களை எடுத்துக் கொடுத்தேன். கோட்டுச்சேரியைக் 'கோச்சேரி' என்றும், திருமலைராயன்பட்டினத்தை 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய ஊர் என்றும் எழுதியிருப்பதைக் கேட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1880லேயே இங்கே கொம்யூன்கள் ஏற்பட்டன என்றதும், "இப்ப இருக்குற கொம்யூன் பஞ்சாயத்தா தாத்தா?" என்று கேட்டார்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான் என்றேன்.

டீச்சரிடம் நான் பார்த்துக் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் ஆசிரியர்கள் இருந்தால் காட்டுங்கள். கருவியைத் திறக்கும் முன் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். எதையும் முதல்நாள் வீட்டில் தானே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். காணொளி என்றால் இறக்கி வைத்துக்கொள்கிறார். திரை பத்து நிமிஷத்துக்கு மேல் எரிவதில்லை. பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதனால் வீட்டுப்பாடத்துக்குப் போன் தேவைப்படுகிற மாதிரி எதுவும் கொடுப்பதில்லை. கையும் கண்ணும் போதும்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த மாதம் என்ன மீன் வரும், நெல்லில் என்னென்ன ரகம் போட்டோம் என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் நம் ஊர் விவரத்தோடு கிடைக்காது. கருவியை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பக்கத்துப் பள்ளிக்குப் போய், எனக்கு இது தெரியும், வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். போகும்போது தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். அது முறை.