பெரியப்பாவின் இடது காது

சென்ற மார்கழியில் ஒரு நாள் அதிகாலை, சுப்ரபாதம் பாடிக்கொண்டிருந்த நமது ஆம்ப்ளிஃபையர் திடீரென்று மௌன விரதம் பூண்டது. குமிழைத் திருகினோம், தலையில் தட்டினோம், கெஞ்சியும் பார்த்தோம். பலனில்லை. ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஒரு மெக்கானிக் அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இதற்குப் போட வேண்டிய சாமான் இப்போது வருவதில்லை, ஸார். புதிதாய் வாங்கிவிடுங்கள்" என்று, டாக்டர்கள் நோயாளியின் உறவினரைத் தனியே அழைத்துப் பேசும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒலிபெருக்கி" என்று தமிழில் எழுதினால், திருவிழாக் காலத்தில் அரசமரத்தில் கட்டும் குழாய்தான் அநேகம் பேருக்கு ஞாபகம் வருகிறது. ஆகையால் ஆம்ப்ளிஃபையர் என்றே சொல்லிவிடுகிறோம். அதன் வேலை பெரிய வேலை. கிராமபோன் தட்டின் மேல் ஓடும் ஊசியில் பிறக்கும் மின்சாரம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். அந்தப் பலவீனமான குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்த்து, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைத் தள்ளி அசைக்கும் பயில்வானாக ஆக்க வேண்டும். எந்தப் பாட்டை எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்று தீர்மானிக்கும் பகுதி ஒன்று. பலம் கொடுக்கும் பகுதி மற்றொன்று. இரண்டும் ஒரே பெட்டிக்குள் கூட்டுக் குடித்தனம் செய்தால் அதற்கு 'இன்டக்ரேடட்' என்று பெயர். நம்மைப் போன்ற சம்சாரிகளுக்கு ஏற்றது அதுவே.

புதிய பெட்டி வாங்குவது என்று தீர்மானித்ததும், நம்முடன் வசிக்கும் பெரியப்பா ஓர் உறையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவருக்கு வயது 84. ரயில்வே பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நல்ல கச்சேரி என்றால் இரவு ரயிலில் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு, காலையில் நேராக வேலைக்குப் போவாராம்.

"இதில் பாதிப் பணம் இருக்கிறது. எனக்காகத்தானே வாங்குகிறாய்? நல்லதாய் வாங்கு" என்றார்.

அந்த உறை நமது கையில் மிகவும் கனத்தது. இதுவரையில் பொழுதுபோக்காயிருந்த விஷயம் அந்த நிமிஷத்தில் தர்ம சங்கடமாகிவிட்டது.

யோசனை சொல்வதற்கு நமது ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமா? நண்பர் ஒருவர், வால்வு வைத்ததைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்றார். 1906-ஆம் ஆண்டில் லீ டி ஃபாரஸ்ட் என்னும் அமெரிக்கர் கண்டுபிடித்த மூன்று முனை வால்வின் வம்சத்தைச் சேர்ந்தது அது. 1947-ல் டிரான்ஸிஸ்டர் பிறந்ததோடு சங்கீதம் செத்துவிட்டது என்பது இவருடைய சித்தாந்தம். இன்னொரு நண்பர், "நூறு வாட்டுக்குக் குறைந்தால் மரியாதையே இல்லை" என்று அடித்துச் சொன்னார்.

இந்த வாட் கணக்கை மட்டும் நாம் உட்கார்ந்து படித்தோம். படித்ததில் ஆச்சரியம் காத்திருந்தது. நமது ஸ்பீக்கரின் முதுகில் 88 டெசிபல் என்று போட்டிருக்கிறது. ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் கேட்கும் என்று அர்த்தம். சாதாரணமாய் மனிதர்கள் பேசிக்கொள்வது சுமார் 60 டெசிபல்தான். ஆகவே, வீட்டுக் கூடத்தில் நிதானமாய்ப் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. மிருதங்கம் பளீரென்று விழும் இடங்களுக்குத்தான் மீதி பலம் வேண்டியிருக்கிறது. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் உணர முடியும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாய்ப் படுவதற்கோ சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும்! நமது கூடம் பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி. அதற்கு 50 வாட்டே தாராளம் என்று கண்டோம்.

இந்த ஞானத்துடன் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நமது கண்ணெதிரே இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றின் விலை மற்றதைப் போல் இரு மடங்கு. விலை உயர்ந்ததன் முகத்தில் ஒரே ஒரு குமிழ். வேறு அலங்காரம் எதுவுமில்லை. சன்னியாசி போல் இருந்தது. மலிவானதிலோ பேஸ், டிரெபிள், பாலன்ஸ் என்று வரிசையாய்க் குமிழ்கள்.

"குமிழ் கூடினால் சங்கீதத்தின் பாதையில் குறுக்கே நிற்கும் ஆசாமிகள் கூடுகிறார்கள், ஸார்! பாடகர் பாடினது பாடினபடியே வர வேண்டுமானால் இதுதான்" என்று சன்னியாசியைக் காட்டினார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நாம் அதில் சொக்கிப் போனோம். மறுநாள் பெரியப்பாவையும் நமது தர்மபத்தினியையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். கூடவே பெரியப்பாவின் பொக்கிஷமான ரிக்கார்டையும் எடுத்துக்கொண்டோம். 1966-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடிய கச்சேரி அது. மிருதங்கம், டி. கே. மூர்த்தி.

சன்னியாசி பாடியது. எம். எஸ். அந்தக் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றியது. "எப்படி, பெரியப்பா?" என்று கேட்டோம். "ரொம்ப நன்றாயிருக்கிறது. வாங்கிவிடு" என்றார்.

பணத்தை எண்ணுவதற்காக உறையைப் பிரித்தோம். அப்போது நமது தர்மபத்தினி மெள்ள நம் காதருகில், "மாமாவின் கை தாளம் போடவே இல்லையே, கவனித்தீர்களா?" என்றாள்.

நாம் கவனிக்கவில்லை. முப்பது வருஷமாய்ப் பார்த்த கை அது. பாட்டு ஆரம்பித்ததும் தொடையில் தானாக விழும். இப்போது அது நாற்காலியின் கைப்பிடிமேல் விருந்தாளி போல் சும்மா இருந்தது. பெரியப்பா நமது மனம் நோகக் கூடாதென்று நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்! யோசித்துப் பார்த்தால், இரண்டு மூன்று வருஷமாகவே வீட்டிலும் அந்தக் கை தாளம் போட்டதாக நினைவில்லை. உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் வருவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் முதலில் போனது கடைக்கு அல்ல, காது வைத்தியரிடம். அவர் பரீக்ஷை செய்து ஒரு படம் வரைந்து கொடுத்தார். கோடு இடதுபுறம் சமவெளியாய்த் தொடங்கி, வலதுபுறம் போகப் போக மலையிலிருந்து உருண்டது போல் இறங்கிவிட்டது. கீழ் ஸ்தாயி ஒலிகள் நன்றாய்க் கேட்கின்றன. கீச்சென்ற மேல் ஒலிகள்தான் விழுவதில்லை. வயதானால் காது முதலில் இழப்பது அவற்றையே என்றார் வைத்தியர். அதிலும் இடது காது வலது காதைவிட மோசம். பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் கீழே இருக்கிறது. ச, த, ஸ போன்ற மெய்யெழுத்துக்களின் கூர்மை மேலே இருக்கிறது. ஆகவே பெரியப்பாவுக்குக் குரல் கேட்கிறது, வார்த்தை விளங்குவதில்லை. ராகம் கேட்கிறது, சாகித்தியம் கேட்பதில்லை.

அப்போதுதான் நமக்கு ஒன்று புரிந்தது. காது மந்தமானவரிடம் கத்திப் பேசிப் பயனில்லை. தெளிவாய்ப் பேச வேண்டும். நூறு வாட் என்பது கத்துவது. நமக்கு வேண்டியதோ தெளிவு.

பெரியப்பாவிடம் காதுக்கருவி ஒன்று முன்பே உண்டு. பாட்டு தகரம் போல் கேட்கிறதென்று அதை அலமாரியில் போட்டிருந்தார். அந்தக் கருவிகள் முக்கியமாய்ப் பேச்சுக்காகவே அமைக்கப்படுகின்றனவாம்; பாட்டுக்கென்று தனியாகத் திருத்திக் கொடுக்க முடியுமென்று வைத்தியர் சொல்லி, மறுபடி வரச் சொன்னார். அதற்கும் நாள் குறித்துக்கொண்டு, கடைக்குப் போனோம்.

"அந்தக் குமிழ்க்காரனைப் பாட விடுங்கள்" என்றோம். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ரிக்கார்டைப் போட்டார்.

டிரெபிள் குமிழ் என்பது மேல் ஒலிகளை மட்டும் தூக்கியும் தாழ்த்தியும் கொடுப்பது. 1952-ல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் அதற்கு ஓர் அமைப்பை வெளியிட்டார். பிற்காலத்தில் எத்தனையோ ஆம்ப்ளிஃபையர்களில் அதுவே இடம் பெற்றது. அந்தக் குமிழைக் கடிகார முள் மூன்று மணியைக் காட்டும் அளவுக்குத் திருப்பினோம். பாலன்ஸ் குமிழைக் கொஞ்சம் இடதுபுறம் நகர்த்தினோம். நமது காதுக்கு ஊசி குத்துவது போலிருந்தது. பெரியப்பா நாற்காலியின் முனைக்கு வந்தார்.

"அடே! வலந்தலை கேட்கிறதே!" என்றார். "இத்தனை நாளாய் மிருதங்கத்தில் தொப்பி மட்டுமே வாசிக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்!"

கடைக்காரர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கை தொடையில் விழுந்தது, விரல் எண்ணியது, திரும்பியது. நமது தர்மபத்தினி ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் ஏதோ விசேஷம் நடப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணம் கொடுப்பதற்கு முன் மற்ற விஷயங்களையும் பார்த்துக்கொண்டோம். வாசகர்களும் பார்த்துக்கொள்வது நலம். ரிக்கார்டுத் தட்டு வைத்திருப்பவர்கள் 'ஃபோனோ' என்ற துவாரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லாவிடில் தனியாக ஒரு பெட்டி வாங்க நேரும். ஸ்பீக்கர் 4 ஓம் ஆனால், அந்தப் பளுவை ஆம்ப்ளிஃபையர் தாங்குமா என்று விசாரிக்க வேண்டும். செல்போனிலிருந்து பாட்டு அனுப்பும் பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் ப்ளூடூத் இருந்தால் சண்டை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கேட்கப் போகிறார்களோ அவரைக் கடைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்க வேண்டும்.

உறையில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தோம். காதுக்கருவியைத் திருத்துவதற்கு அதிலிருந்து செலவு செய்தார்.

இப்பொழுதெல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியப்பாவே எழுந்து ரிக்கார்டைப் போடுகிறார். அவர் மத்தியானம் தூங்கும்போது நாம் கேட்பதானால், குமிழை நடுவில் வைத்துக்கொள்கிறோம். கேட்டு முடிந்ததும், மறக்காமல், மறுபடி மூன்று மணிக்குத் திருப்பி வைத்துவிடுகிறோம்.