தராசை எதில் நிறுத்துப் பார்த்தாய்?

வானொலியில் வேலை என்று தெரிந்தால் போதும், வாரத்துக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறார்கள். "அக்கா, பாட்காஸ்ட் தொடங்கப் போறேன். 500 வெள்ளிக்குள்ள எந்த மைக் வாங்கலாம்?" முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். மைக் படத்தில் அழகாகத் தெரியும். ஹெட்போன் நம் தவறை நமக்கு மட்டும் சொல்லும். அதற்குப் போய் யார் காசு கொடுப்பார்கள்?

போன டிசம்பரில் மெல்பர்ன் பக்கம் பாக்கென்ஹமில் இருக்கும் பெரியம்மா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுங்கை வேயில் ஒரே அடுக்குமாடியில் என்னோடு வளர்ந்த அண்ணன். ஆளே மாறிப் போயிருந்தார். வார இறுதியில் கிப்ஸ்லேண்ட் காடுகளுக்கு மான் வேட்டைக்குப் போகிறாராம். மான் என்றால் சாம்பார் மான். இங்கே நாம் ருசா என்கிறோமே, அதேதான். 1860களில் வெள்ளைக்காரர்கள் ஆசியாவிலிருந்து கொண்டுபோய் விட்டது, இன்று விக்டோரியா மாநிலக் காடெல்லாம் பெருகிக் கிடக்கிறது.

மூன்றாம் நாள் இரவு அண்ணன் தன் கார் கொட்டகையைத் திறந்து காட்டினார். மேசை முழுக்கத் தோட்டா ஓடுகள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நம் ஊரில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் தன் உரிம அட்டையை எடுத்து நீட்டினார். துப்பாக்கி ஒரு பெட்டகத்தில், தோட்டா வேறொன்றில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. அட்டையைக் காட்டாமல் மருந்தும் பிரைமரும் கடையில் வாங்க முடியாதாம்.

ஒரு தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளை ஓடு, அடியில் பிரைமர், உள்ளே மருந்து, நுனியில் குண்டு. சுட்ட பிறகு ஓடு மட்டும் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்கு அழுத்தி, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி தோட்டா. விலை உயர்ந்த உறுப்பே அந்த ஓடுதான் என்பதால் காசு மிச்சம் என்று தொடங்கினாராம். "மிச்சமெல்லாம் ஒண்ணுமில்ல. முன்னால மாசம் இருபது சுட்டாரு, இப்ப அறுபது சுடறாரு" என்றார் அண்ணி. தொடக்கத்தில் சாப்பாட்டு மேசையில்தான் இந்த வேலை நடந்ததாம். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது என்று படித்த அன்றே எல்லாவற்றையும் கொட்டகைக்குக் கடத்திவிட்டார் அண்ணி.

அண்ணன் ஒதுக்கிய தொகை 500 ஆஸ்திரேலிய டாலர். அதற்குள் என்ன வாங்குவது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். ஆக மலிவானது லீ லோடர். அமெரிக்காவில் ரிச்சர்ட் லீ என்பவர் 1958இல் தொடங்கிய தொழில் அது. கையடக்கப் பெட்டி ஒன்று, மருந்து அள்ள ஒரு சிறு கரண்டி, மற்றதெல்லாம் சுத்தியல் வேலை. வேலை நடக்கும், ஆனால் ஆமை வேகம். மறுமுனையில், ஒவ்வோர் இழுப்பிலும் நான்கைந்து வேலைகளை ஒன்றாக முடிக்கும் பெரிய எந்திரங்கள். அதில் ஏதாவது ஒன்று பிசகினால் புதிதாகக் கற்பவருக்குத் தெரியவே தெரியாது. அண்ணன் நடுவழியில் போனார். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு வேலை செய்யும் வார்ப்பிரும்பு பிரஸ், கிளப்பில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து பழையதாக. அந்த இரும்பு பேரன் காலம் வரை தாங்கும், அதைப் பழையதாக வாங்கியது சரியான முடிவு என்றுதான் எனக்கும் பட்டது. மூடி திறந்த பழைய மருந்தை அதே மனிதர் இலவசமாகக் கொடுத்தும் அண்ணன் வாங்கவில்லை. டப்பாவில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று யார் உறுதி சொல்வது? அந்த மறுப்புக்கு அவருக்கு ஒரு கைதட்டல்.

308 துப்பாக்கிக்கான டை, நீளம் பார்க்க வெர்னியர் காலிப்பர், ஐம்பது குழி உள்ள மரக்கட்டை, மருந்தளவுக் கையேடு என்று அடுக்கிக்கொண்டே போனவருக்குக் கடைசியில் காசு இழுத்துப் பிடித்தது. தராசில் கை வைத்தார். இணையத்தில் பொடி விலைக்கு ஒரு மின்னணுத் தராசு.

அன்று இரவு மேசையில் 43 தோட்டாக்கள் தயாராக இருந்தன. சனிக்கிழமை சுடுதளத்துக்கு என்னையும் அழைத்துப் போவதாகத் திட்டம். அம்மாவுக்குக் காட்டலாமே என்று வீடியோவில் அழைத்தேன்.

என் அம்மா சுங்கை வே பிரீ டிரேட் சோனில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கியூசி. மூன்றாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. நீலச் சட்டை, தொழிற்சாலை பஸ், மூன்று ஷிப்ட். சிறுவயதில் எங்களுக்கு அந்த வேலை சலிப்பான வேலையாகத்தான் தெரிந்தது. அண்ணன் ஒவ்வொரு கருவியாகத் தூக்கிக் காட்ட, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தம்பி, அந்தத் தராச எதுல நிறுத்துப் பார்த்த?"

"புதுசு சின்னம்மா."

"புதுசுன்னா? நாங்க ஒவ்வொரு ஷிப்டும் கேஜ அளந்து பார்த்துட்டுத்தான் லைனத் தொடுவோம். அளக்கிற சாமானே பொய் சொன்னா, நீ பாக்கிறதெல்லாம் பொய்."

அண்ணன் சிரித்தார். ஆனாலும் மறுநாள் வேலை முடிந்து வரும்போது சோதனை எடைக்கற்கள் வாங்கி வந்துவிட்டார். கற்களைச் சேர்த்து 40 கிரெய்ன் வைத்தார். தராசு 38.6 என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 38.7. மேலே சுற்றிய காற்றாடியை நிறுத்திவிட்டு வைத்தார். 38.6.

அதாவது ஒவ்வொரு தோட்டாவிலும் அவர் நினைத்ததைவிட ஏறத்தாழ 1.4 கிரெய்ன் மருந்து கூடுதல். ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம், கூடுதலாகப் போனது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கையேட்டில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே உள்ளதே சில கிரெய்ன்தான். 308 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கார் டயரில் அது 32 அளவில் இருக்கும். அந்த அழுத்தம் வெடிக்கும் இடம், சுடுகிறவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்.

சுட்டிருந்தால் துப்பாக்கி கட்டாயம் வெடித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். அண்ணன் கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே அண்ணி பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். "அவகிட்ட இப்ப சொல்லாதே" என்றார் என்னிடம். அரை மணி நேரத்தில் அவரே போய்ச் சொல்லிவிட்டார்.

சுத்தியல் போன்ற பிளாஸ்டிக் கருவி ஒன்று இருக்கிறது. அதற்குள் தோட்டாவைப் பூட்டித் தரையில் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். இரண்டு இரவு, 43 தோட்டா. தட்டும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. வெளியே எடுத்த மருந்தை அண்ணன் மறுபடி பயன்படுத்தவில்லை, தோட்டத்து மண்ணில் மெல்லியதாகத் தூவிவிட்டார். சனிக்கிழமை சுடுதளம் ரத்து. டாண்டினோங் போய்த் தோசை சாப்பிட்டோம்.

புதுத் தராசு மின்சாரம் வேண்டாத பழைய பாணிக்காரன். ஒரு கோலும் நகர்த்தும் எடையும்தான். பிரஸுக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுத்தார். 500 டாலர் கணக்கு எப்போதோ தாண்டிவிட்டது, அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புறப்படும்போது ஞாபகத்துக்கு ஒரு காலி ஓடு கொடுத்தார். பெட்டி அடுக்கும்போது யோசித்தேன். கே.எல்.ஐ.ஏ.வில் நின்று, "இது வெறும் ஓடுதான் என்சிக்" என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தை அம்மாவிடம் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கழுத்துல கீறல் இருக்கே. இத ரிஜெக்ட் பண்ணலையா அவன்?"

பண்ணியிருந்தார். அதனால்தான் அது எனக்குக் கிடைத்தது.