ஒன்றில் வைத்தால் என்ன, ஐந்தில் வைத்தால் என்ன?

“ஃபேன ஒண்ணுல வெச்சாலும் அஞ்சுல வெச்சாலும் கரண்ட் ஒண்ணுதான்” என்பது அப்பாவின் தீர்ப்பு. மார்கழியிலும் அவர் அறையில் ஃபேன் ஐந்தில்தான் ஓடும். காசு கொடுத்த காற்றை விடுவானேன்?

எரிச்சல் முற்றிய ஒரு நாள், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். யூனிட்டுக்கு 3200 தடவை சிவப்பு விளக்கு சிமிட்டும் மீட்டர். 75 வாட் ஃபேன் ஐந்தில் ஓடியபோது சுமார் 15 விநாடிக்கு ஒரு சிமிட்டல். ஒன்றுக்கு இறக்கியதும் அடுத்த சிமிட்டலுக்கு ஒரு நிமிடம் போலக் காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு தவறுதான். ஆனால் அவர் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் அதையே சொல்கிறார்களே, எங்கிருந்து வந்தது?

மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரிடம் போனேன்.

“அண்ணே, அந்தக் காலத்து ரெகுலேட்டர்…”

“கண்டென்சர் மாத்துனீங்களா?”

“ஃபேன் நல்லாத்தான் ஓடுது. ரெகுலேட்டரப் பத்தித்தான்…”

“2.5 போட்டிருக்கா? பவர் இறங்கியிருக்கும்.”

என்ன கேட்டாலும் கண்டென்சர்தான். கடைசியில் மேஜைமேல் கிடந்த ஒரு ஃபேனின் கண்டென்சர் வயரைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். ‘உம்’மென்று முனகியபடி நின்றது. இடப்பக்கம் தள்ளிவிட்டார், இடப்பக்கமே சுற்றியது. பிடித்து நிறுத்தி வலப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் சுற்றியது. “எந்தப் பக்கம் போகணும்னு சொல்றதே கண்டென்சர்தான் சார்.” கேட்க வந்ததை மறந்து நானும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் மனமிரங்கி, பரணிலிருந்து ஒரு பேக்லைட் பெட்டியை இறக்கினார். உள்ளே பீங்கானில் சுற்றிய கம்பிச்சுருள். நம்பருக்கு ஒன்றாக அதிலிருந்து பிரியும் இணைப்புகள். சூட்டில் கறுத்த ஓரம். “ஒண்ணுல ஓடுனா இதுமேல கை வைக்க முடியாது.”

விஷயம் அங்கேதான். வேகம் பாதியானால், காற்றைத் தள்ளும் வேலை எட்டில் ஒரு பங்காகிவிடும். செலவும் அப்படி விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஃபேன் வேண்டாமென்றதில் ஒரு பங்கைக் கம்பிச்சுருள் சூடாக்கித் தின்றது. மிச்சம் கொஞ்சம் இருந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்தக் கொஞ்சத்தை ஊர்வாய் சுழியமாக்கிவிட்டது. பெட்டி பரணுக்குப் போனபின்னும் பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

“அப்ப இப்ப வர்ற ரெகுலேட்டர் ஏன் சுடறதில்லை?”

எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஒன்றைத் திருகாணி கழற்றிக் காட்டினார். கம்பிச்சுருளின் வேலையை அங்கே செய்வது இரண்டு கண்டென்சர்கள். மின்னழுத்தத்தை அவை தடுத்து வைக்கும், சூடாக்கி வீணடிப்பதில்லை. முதலிலிருந்தே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்!

விடாமல், புது பி.எல்.டி.சி. ஃபேனைப் பற்றிக் கேட்டேன். முப்பது வாட் சொச்சத்தில் ஓடுகிறது, ரெகுலேட்டரே வேண்டாம், 2.5 கண்டென்சரும் கிடையாது. இதிலாவது மடக்கிவிடலாம் என்று பார்த்தேன்.

“போர்டைத் திறந்து பாருங்க சார்,” என்றார். “உள்ள இருக்கும்.”

இருந்தது.